கிரீந்திரசேகர் போஸ்

கிரீந்திரசேகர் போஸ் (ஜனவரி 30, 1887 - ஜூன் 3, 1953) இந்தியாவில் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கி வளர்த்த வங்காள மருத்துவரும் உளவியலாளரும் ஆவார். இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவியவர். சிக்மண்ட் பிராய்டின் கருத்துகளை ஏற்றுக்கொண்டபோதும், தம் நோயாளிகளிடம் கண்டவற்றின் அடிப்படையில் அவரிடமிருந்து வேறுபட்ட ஒரு கோட்பாட்டையும் சிகிச்சை முறையையும் உருவாக்கினார்.

இளமையும் கல்வியும்

பீகாரிலுள்ள தர்பங்காவில் பிறந்தார். இவருடைய தந்தை சந்திரசேகர் போஸ் தர்பங்கா சமத்தானத்தில் திவானாகப் பணியாற்றியவர். 'பரசுராம்' என்ற புனைபெயரில் எழுதிய புகழ்பெற்ற வங்க எழுத்தாளர் ராஜசேகர் போஸ் இவருடைய அண்ணன் ஆவார். கிரீந்திரசேகர் இளமையிலேயே யோகம், மாயவித்தை, மனவசியம் ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டிருந்தார். கல்கத்தா (இன்றைய கொல்கத்தா) மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்ற பின்னர், 1910 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவத் தொழில் புரிந்துகொண்டே கல்கத்தா பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட உளவியல் துறையில் மாணவராகச் சேர்ந்தார். 1917 இல் முதுகலைப் பட்டம் பெற்று, அத்துறையிலேயே ஆசிரியரானார். உள ஒடுக்கம் பற்றிய ஆய்வுக்காக 1921 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

எதிர் விருப்பக் கோட்பாடு

பிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்காத காலத்திலேயே போஸ் உளநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கிவிட்டார். பின்னர் அந்நூல்களைப் படித்தபோது, தாம் கண்டறிந்தவற்றுள் சில அவற்றில் முன்பே இடம்பெற்றிருப்பதை உணர்ந்தார்.

மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு நேர் எதிரான விருப்பமும் உடன் தோன்றுகிறது என்பது இவருடைய கோட்பாடு. எடுத்துக்காட்டாக, ஒருவரை அடிக்க விரும்புபவரின் நனவிலி மனத்தில் அடிபடும் விருப்பமும் மறைந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நிறைவேற இயலாததால் ஒன்று ஒடுக்கப்படுகிறது. உளநோய்க்கு இதுவே வேர் என்று போஸ் கருதினார்.

சிகிச்சையில், நோயாளி தம்மை எதிரிலுள்ளவரின் இடத்தில் வைத்துக் கற்பனை செய்யுமாறு இவர் பணிப்பார். நோயாளியின் மனம் இரு நிலைகளுக்கும் இடையே ஏற்றப்பலகைபோல மாறி மாறிச் செல்லும்போது ஒடுக்கப்பட்ட விருப்பம் வெளிப்படும். பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பதைவிட நோயாளியை வழிநடத்துவதே இம்முறையில் மருத்துவரின் பணியாக அமைந்தது.

பிராய்டுடன் தொடர்பு

1921 இல் தம் ஆய்வு நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். அதிலிருந்து 1937 வரை இருவரும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர். ஆனால் ஒருமுறையேனும் நேரில் சந்திக்கவில்லை. ஆண்மை இழப்பு அச்சம் ஐரோப்பிய நோயாளிகளிடம் காணப்படும் அளவுக்குத் தம் இந்திய நோயாளிகளிடம் வெளிப்படவில்லை என்றும், பெண்ணாக இருக்கும் விருப்பம் இந்திய ஆண்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் போஸ் எழுதினார். பிராய்டு இவருடைய கோட்பாட்டை முழுமையாக ஏற்கவில்லை. எனினும் உறவு முறியவில்லை. பிராய்டின் 75 ஆவது பிறந்த நாளுக்காக 1931 இல் இந்தியக் கழகம் தந்தத்தாலான திருமால் சிலையை அனுப்பியது. அது இன்று லண்டன் பிராய்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

நிறுவனப் பணிகள்

1922 இல் பார்சிபகான் சந்திலிருந்த தம் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். அது அவ்வாண்டே பன்னாட்டுக் கழகத்துடன் இணைந்தது. 1933 இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி) உளநோயாளருக்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனை ஒன்றில் இத்தகைய பிரிவு இந்தியாவில் தொடங்கப்பட்டது இதுவே முதன்முறையாகும். உளநோயாளரைத் தனிக் காப்பகங்களில் அடைத்து வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், மற்ற நோயாளிகளைப் போல வந்து சிகிச்சை பெற்றுச் செல்ல இது வழிசெய்தது. 1940 இல் அண்ணன் அளித்த இடத்தில் லும்பினி பார்க் உளநோய் மருத்துவமனை உருவானது. 1947 இல் கழகத்தின் சமீக்சா இதழ் தொடங்கப்பட்டது.

மதிப்பீடு

போஸ் வேறு எவரிடமும் பகுப்பாய்வுக்கு உட்பட்டுப் பயிற்சி பெற்றவர் அல்லர். இது அவருக்குத் தனித்துச் சிந்திக்கும் உரிமையைத் தந்தது. அவருடைய முறையை ஐரோப்பியப் பகுப்பாய்வாளர்கள் ஐயத்துடன் நோக்கவும் காரணமாயிற்று. பிற்கால இந்தியப் பகுப்பாய்வாளர்களிடையே எதிர் விருப்பக் கோட்பாடு பரவலாக நிலைபெறவில்லை. ஆயினும், பண்பாட்டுக்கேற்ப உளச்சிகிச்சை மாறவேண்டுமா என்னும் வினா எழும்போதெல்லாம் இவருடைய கடிதங்கள் இன்றும் ஆராயப்படுகின்றன.