நெரூதாவும் பெயரில்லாத பெண்ணும்

தென்னமெரிக்க நாடான சிலியில், பார்ரல் என்னும் ஊரில் 1904ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் பிறந்தவர் பாப்லோ நெரூதா. பெற்றோர் இட்ட பெயர் வேறு. பிறந்த சில வாரங்களிலேயே அன்னையை இழந்தார். இருப்புப்பாதைத் தொழிலாளியான தந்தைக்கு மகன் கவிதை எழுதுவது பிடிக்கவில்லை. அவர் கண்ணுக்கு மறைவாக எழுதத் தேடிக்கொண்ட புனைபெயரே பின்னர் உலகறிந்த பெயராயிற்று. 1924இல் அவருடைய காதல் கவிதைகள் நூலாக வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வரவில்லை. 1927இல் தூதரகப் பணியேற்று இரங்கூனுக்கு வந்தார். 1929இல் கொழும்புக்கு மாற்றப்பட்டு, வெள்ளவத்தையில் கடலோர வீடொன்றில் தனித்து வாழ்ந்தார். திறனாய்வாளர் போற்றும் ‘பூமியில் உறைவிடம்’ தொகுதியின் கவிதைகள் பல, கீழ்த்திசை நாடுகளில் கழித்த அந்தத் தனிமையில் எழுந்தவை.

மற்றொன்றும் அவ்வீட்டில் நிகழ்ந்தது. நாள்தோறும் விடியலில் கழிவறையைத் துப்புரவு செய்ய ஒரு பெண் வந்தாள். சாதியால் தாழ்த்தப்பட்ட தமிழ்ப்பெண். அழைத்தபோது அவள் திரும்பவில்லை; வழியில் வைத்த பரிசுகளையும் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் காலை நெரூதா அவள் மணிக்கட்டை இறுகப் பற்றித் தம் அறைக்குக் கொண்டுசென்றார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. விழித்த கண்களோடு, சிலைபோல அவள் கிடந்தாள். இதற்கு வன்புணர்ச்சி என்பதன்றி வேறு பெயரில்லை.

இதைப் பகைவர் எவரும் புனையவில்லை. 1974இல், அவர் மறைந்தபின் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எழுதியது இது. அவள் தம்மை வெறுத்தது நியாயமே என்று அங்கு ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அந்தப் பக்கம் அவள் துயரைவிட அவள் அழகையே மிகுதியாக விவரித்துவிட்டு அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகிறது.

அதே மனிதர்தாம் 1939இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரின் அகதிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ‘வின்னிபெக்’ கப்பலில் சிலிக்கு அனுப்பிவைத்துக் காத்தவர். அதே மனிதர்தாம், மூளையில் நீர்கோத்த நோயோடு 1934இல் பிறந்த ஒரே மகள் மால்வா மரீனாவையும் மனைவியையும் பிரிந்து சென்றவர். அச்சிறுமி 1943இல் ஹாலந்தில், எட்டு வயதில் இறந்தாள். 1950இல் வெளிவந்த ‘பொதுக் காண்டம்’ நூலில், மாச்சு பிச்சு மலைநகரைக் கட்டி மடிந்த பெயரற்ற உழைப்பாளருக்காக அவர் குரல் எழுப்பினார். 1971இல் நோபெல் பரிசு பெற்றார். 1973 செப்டம்பர் 23ஆம் நாள் மறைந்தார்.

வாழ்வு வேறு, எழுத்து வேறு என்று சொல்லி நாம் நழுவிவிடலாம். ஆனால் வெள்ளவத்தை நிகழ்ச்சி அவருடைய வாழ்வில் மட்டுமன்றி எழுத்திலும் இருக்கிறது. பெயரற்றோருக்குக் குரல் தந்த கவிஞர், தம் வீட்டு வாயிலில் நின்ற பெயரற்றவளுக்குக் குரல் தரவில்லை. இது ஒழுக்கக் குறை; அதோடு எழுத்தின் குறையுமாகும். அதனைக் காணத் திறனாய்வுக் கண்ணே போதும்.

இதனால் மாச்சு பிச்சுக் கவிதை சிறுத்துவிடுமா? சிறுக்காது. அதன் மேன்மை அக்கவிதைக்குள்ளேயே நிற்கிறது. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் முயற்சி எழுந்தபோது, சிலியின் பெண்ணுரிமையாளர் இப்பக்கத்தைச் சுட்டி எதிர்த்தனர், பெயர் மாறவில்லை. அவர்கள் கேட்டது பொருளுள்ள கேள்வி. பெயர் சூட்டுவது மனிதருக்குச் செய்யும் சிறப்பு. அதற்கு அவருடைய வாழ்வு விடை சொல்லியாக வேண்டும். வாசிப்பது கவிதையோடு நாம் கொள்ளும் உறவு. அதைக் கைவிட வேண்டியதில்லை. கவிஞருக்கு விழா எடுக்கும் நம்மைப் போன்ற அமைப்புகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதே பிழை.

நெரூதாவைப் படிப்போம், அந்த ஒரு பக்கத்தை விலக்காமல் படிப்போம். அவளுடைய பெயர் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. அவள் பேசியிருக்கக்கூடிய மொழியில் எழுதும் நாம், அவள் அங்கே இருந்தாள் என்பதையேனும் மறவாதிருப்போம்.