அருவிக்கும் அசராத வாட்ச்!

தென்காசியில் பஸ் ஏறி குற்றாலம் போனதும், வாட்ச்சைக் கழற்றிக் கரையில நிற்கிற அம்மாகிட்ட கொடுத்துட்டுத்தானே அருவிக்குள்ள நுழைவோம்? அந்தப் பயத்தைப் போக்கப் பாடுபட்டவர், ஜெர்மனியில் 1881-ல் பிறந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப். சின்ன வயசிலேயே அப்பா, அம்மாவை இழந்தவர். ரோலெக்ஸ் கம்பெனியை உருவாக்கியவர்.

1926-ல் தண்ணீர் புகாத 'ஆய்ஸ்டர்' வாட்ச்சைக் கொண்டுவந்தார். மறுவருஷம் மெர்சிடிஸ் க்ளைட்ஸ் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். சிலர் சந்தேகப்பட, மறுபடியும் கடலில் இறங்கினார். இம்முறை ஆய்ஸ்டரையும் கொடுத்தனுப்பினார் வில்ஸ்டார்ஃப். 10 மணி நேரத்துக்கு மேல் நீந்தியும், கடுங்குளிரில் மெர்சிடிஸால் முடிக்க முடியலை. வாட்ச் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது! உடனே 'டெய்லி மெயில்' முதல் பக்கத்தையே விளம்பரத்துக்காக வாங்கிவிட்டார் மனுஷன்.

1953-ல் முக்குளிப்பவர்களுக்கான 'சப்மரைனர்' வந்தது. 1960-ல் வில்ஸ்டார்ஃப் இறந்தார். அந்தக் கால சப்மரைனரைத்தான் பழைய வாட்ச் சேர்க்கிறவங்க இன்னிக்கு லட்சங்களைக் கொட்டித் தேடுறாங்க. உள்ளே ரப்பர் வளையம் காய்ஞ்சிருக்கும். அதோட அருவிக்குள்ள போயிடாதீங்க!