பிழை திருத்தக் கற்பித்த பெரியார்

பிழையான வாக்கியங்களைத் தந்து, அவற்றைத் திருத்தி எழுதச் சொல்லும் வினாவை ஆங்கிலத் தேர்வில் சந்திக்காத மாணவர் நம்மில் எவரும் இலர். அவ்வினாவைப் பள்ளிகள்தோறும் பரப்பியவர்களுள் தலையாயவர் லிண்ட்லி மர்ரே. வியப்பு என்னவெனில், அவர் ஆசிரியரும் அல்லர். ஆங்கில நாட்டில் பிறந்தவரும் அல்லர்.

1745ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ராபர்ட் மர்ரே நியூயார்க்கில் பெருவணிகர். மகனையும் வணிகத்தில் இறக்கவே அவர் விரும்பினார். மகனுக்கோ கல்வியில்தான் நாட்டம். தந்தை ஒருமுறை கடுமையாகத் தண்டிக்கவே, சிறுவன் வீட்டை விட்டு வெளியேறி, நியூஜெர்சியில் ஒரு விடுதிப் பள்ளியில் தானே போய்ச் சேர்ந்துகொண்டான்! பின்னர்த் தந்தையும் மகனும் ஒன்றுபட்டனர். சட்டம் பயின்றபோது உடன் பயின்றவர், பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியான ஜான் ஜே.

வழக்கறிஞராகவும் வணிகராகவும் பொருளீட்டிய மர்ரேயை நோய் வீழ்த்தியது. தசைகள் தளர்ந்தன, நடை குன்றியது. நலம் நாடி 1784இல் மனைவி ஹன்னாவுடன் இங்கிலாந்து சென்று, யார்க் நகரை அடுத்த ஹோல்கேட்டில் குடியேறினார். நோய் தீரவில்லை. நாற்காலியும் சாய்விருக்கையுமே அவர் உலகமாயின.

அப்போது யார்க்கில் குவேக்கர்கள் நடத்திய பெண்கள் பள்ளியின் இளம் ஆசிரியைகள், தாம் கற்பிப்பதற்கு ஏற்ற இலக்கண நூல் ஒன்று எழுதித் தருமாறு அவரை வேண்டினர். அதன் பயனாக 1795இல் அவருடைய ஆங்கில இலக்கணம் வெளிவந்தது. லௌத் முதலிய முன்னோர் நூல்களிலிருந்து தொகுத்ததே அது என்பதை அவர் மறைக்கவில்லை.

நூலைப் படித்துவிட்டால் போதுமா? மாணவி விதியை உணர்ந்தாளா, வெறுமனே ஒப்பிக்கிறாளா என்று எப்படி அறிவது? இதற்கு விடையாக 1797இல் பயிற்சி நூலை வெளியிட்டார். சொல்வகை கூறுதல், எழுத்துப் பிழை, தொடர்ப் பிழை, நிறுத்தக்குறிப் பிழை, தெளிவின்மை எனப் பகுத்துப் பயிற்சிகளை அமைத்தார். எழுவாயும் பயனிலையும் எண்ணில் மாறுபடும் தொடரைக் கண்டால், விதியை உணர்ந்தவளே அதைத் திருத்துவாள்; உருப்போட்டவள் தயங்குவாள். திருத்திய விடைகளையும் தனி நூலாக வெளியிட்டார். ஆசிரியரின்றிப் பயில்வோரும் தம்மைத் தாமே சோதித்துக் கொள்ளலாயிற்று. இம்முறையைத் தொடங்கியவர் அவரல்லர். ஆன் ஃபிஷர் என்னும் பெண்மணி அரை நூற்றாண்டுக்கு முன்பே பிழைத் தொடர்களைப் பயிற்சியாகத் தந்திருந்தார். ஆயினும் அதைப் பெருவழக்காக்கியது மர்ரேயின் நூலே.

நூல்கள் அட்லாண்டிக் கடலின் இருகரையிலும் இலட்சக்கணக்கில் விற்றன. வந்த வருவாயை அறப்பணிகளுக்கே வழங்கினார். 1826இல் மறைந்தார்.

குறை இல்லாமல் இல்லை. 1868இல் வாஷிங்டன் மூன் என்பவர் மர்ரேயின் எழுத்திலேயே பிழைகளைக் கண்டு தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார்! அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிறர் பிழையைக் காண்பது ஒரு திறன். தானே பிழையின்றி நான்கு வரி எழுதுவது வேறொரு திறன். முதலாவதற்கு முழு மதிப்பெண் பெற்றவர் இரண்டாவதில் தடுமாறுவதை நம் வகுப்பறைகளிலேயே காண்கிறோம். பிழையான தொடரையே மீண்டும் மீண்டும் படித்தால் அதுவே மனத்தில் பதியும் என்று அஞ்சும் ஆசிரியர்களும் உளர்.

எனினும், விதியைச் சொல்லச் சொல்வது தேர்வாகாது, அதைப் பயன்படுத்தச் சொல்வதே தேர்வு என்பதை நோயுற்ற அம்மனிதர் தம் நாற்காலியில் இருந்தபடியே பள்ளிகளுக்கு உணர்த்தினார். அடுத்த முறை வினாத்தாளில் பிழை திருத்தும் பகுதியைக் காணும்போது, மதிப்பெண்ணை எண்ணுமுன் அவரையும் ஒரு கணம் எண்ணுவோம். விடையை எழுதியபின், அதே விதியில் சொந்தமாக ஒரு தொடர் எழுதிப் பார்ப்போம்.