வைர முனையும் ஒரு அநாதைப் பையனும்

பிளஸ் டூ இயற்பியலில் ஃபிரான்ஹோபர் வரிகள் வருமே, அந்த ஃபிரான்ஹோபர் பற்றித்தான் எழுதுகிறேன்.

1787-இல் ஜெர்மனியில் ஸ்ட்ராபிங் என்ற ஊரில் பிறந்தார். 11 வயதிலேயே அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மூனிச் நகரத்தில் ஒரு கண்ணாடிக்காரரிடம் வேலைக்கு விட்டார்கள். அந்த முதலாளி புத்தகம் படிக்கவே விடமாட்டாராம். 1801-இல் அவர் வீடு இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி இறந்துபோனார். பையனை மட்டும் உயிரோடு தோண்டி எடுத்தார்கள். நாட்டை ஆண்ட மாக்சிமிலியன் நேரிலேயே வந்து பார்த்து, பணமும் கொடுத்தார். நாமாக இருந்தால் என்ன வாங்கியிருப்போம்? அவர் லென்ஸ் தேய்க்கும் மெஷின் வாங்கினார்!

1806-இல் ஒரு கருவிக் கம்பெனியில் சேர்ந்தார். நல்ல லென்ஸ் செய்ய, கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாகத் தெரியணும். ஆனால் சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது? 1814-இல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் விட்டுப் பார்த்தபோது நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள்! 570-க்கும் மேல் எண்ணினார். (எனக்கு நோட்டில் 10 கோடு போடவே பொறுமை கிடையாது.) அந்தக் கோடுகளையே அடையாளமாக வைத்து அளந்தார்.

பிறகு வைர முனையால் கண்ணாடியில் நெருக்கமாகக் கோடு கிழித்துக் கீற்றணி செய்தார். இன்று பிளாஸ்டிக் லென்ஸைக்கூட வைர முனையால் கடைகிறார்கள்.

1826-இல் காசநோயால் இறந்தபோது வயசு வெறும் 39. அவர் வடிவமைத்த கருவியை வைத்துத்தான் 1838-இல் பெசல் என்பவர் ஒரு விண்மீனின் தூரத்தை அளந்தார்.