டைகர் வரதாச்சாரியார்

இசை பயில்வதற்கு இனிய குரலே முதல் என்று எண்ணுதல் நம்மவர் வழக்கம். கொச்சிக்கடையிலோ வெள்ளவத்தையிலோ பிள்ளையை வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர் முதலில் வினவுவது, பிள்ளைக்குக் குரல் உண்டா என்பதே. குரல் போதாதென்று பயிற்சியை இடையில் நிறுத்துவோரும் உளர். இவ்வெண்ணம் முழுவதும் பொருந்தாது என்பதற்குத் தென்னாட்டு இசையாசிரியர் ஒருவரின் வாழ்க்கையே தக்க சான்றாகும். அவரே டைகர் வரதாச்சாரியார் எனப் புகழ்பெற்ற பெரியார்.

அவர் 1876ஆம் ஆண்டு, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையில் வைணவ அந்தணர் குடும்பத்தில் தோன்றினார். உடன்பிறந்தாருள் கே. வி. சீனிவாச ஐயங்கார் இசை நூல்களைப் பதிப்பித்துப் பெயர்பெற்றார். கிருஷ்ணமாச்சாரியார் வீணையில் வல்லவரானார். ஒரு வீட்டிலேயே மூவர் இசைக்குத் தொண்டு புரிந்தமை பெரும் பேறே.

வரதாச்சாரியாருக்கு வாய்த்த குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவர் தியாகராச சுவாமிகளின் மாணாக்கரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் பயின்றவர். பேகடை இராகத்தைப் பாடுவதில் ஒப்பற்றவர் எனப் போற்றப்பட்டவர். எளிதில் வளைந்து கொடுக்கும் சாரீரம் அவருக்கும் இயற்கையில் அமையவில்லை. இடைவிடாத சாதகத்தினால் அதனை வசப்படுத்திக் கொண்டார் என்பர். குருவிடமிருந்து மாணாக்கர் பெற்ற செல்வங்களுள் கீர்த்தனைகளைக் காட்டிலும் இந்த விடாமுயற்சியே பெரிதெனலாம்.

குருகுலவாசம் முடிந்தபின் சிலகாலம் அவர் அலுவலக உத்தியோகத்திலும் இருந்தார். எனினும் உள்ளம் இசையையே நாடிற்று. நாளடைவில் கச்சேரி மேடைகளில் அவர் பெயர் பரவியது. மைசூர் மன்னரின் ஆதரவும் கிட்டிற்று. டைகர் என்னும் சிறப்புப் பெயர் அம்மன்னர் சூட்டியதே என்பது இசையுலக வழக்கு. ஆயினும், கேட்ட மாத்திரத்தில் உள்ளத்தைக் கவரும் குரல் அவருக்கு இருந்ததில்லை. கம்மலும் கரகரப்பும் உடைய சாரீரம் அது. இனிமை ஒன்றையே நாடி வந்தோர் ஏமாற்றமடைந்திருப்பர். பொறுமையோடு அமர்ந்து கேட்டோரோ, இராகத்தின் உருவம் படிப்படியாக எழுந்து நிற்பதைக் கண்டு வியந்தனர். கற்பனையின் ஆழம் குரலின் குறையை மறக்கச் செய்தது.

இக்காரணத்தினாலேயே அவர் சிறந்த ஆசிரியராகவும் விளங்கினார். தம் குரலைப் போன்மை செய்யும்படி மாணவரைத் தூண்ட அவரால் இயலாது; அது தேவையுமில்லை. வரிசைகளும் அலங்காரங்களும் கீதமும் வருணமும் எல்லார்க்கும் பொது. அவற்றை நெட்டுருச் செய்யலாம். இராக ஆலாபனையும் கற்பனைச் சுரமும் அவ்வாறு வருவன அல்ல. மனோதர்மம் என்னும் அப்பகுதியில் மாணவன் தானே சிந்தித்துத் தன் குரலுக்கு ஏற்ற வழியைக் காணவேண்டும். வரதாச்சாரியாரின் பெருமையெல்லாம் அத்துறையிலேதான் இருந்தது.

சென்னை சங்கீத வித்வத் சபை இசையாசிரியரைப் பயிற்றும் கல்லூரியொன்றைத் தொடங்கியபோது அதன் தலைமை அவரையே சார்ந்தது. அச்சபையின் சங்கீத கலாநிதி விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்து இசைத்துறையையும் அவர் தலைமை தாங்கி நடத்தினார். பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், இறுதியில் ருக்மிணி தேவியாரின் கலாக்ஷேத்திரத்திலும் பணிபுரிந்தார். வீட்டுத் திண்ணையில் ஒருவர்க்கொருவராக நடந்துவந்த கல்வியை, அதன் உயிர் கெடாமல், வகுப்பறைக்குக் கொண்டுவந்தவருள் அவர் முதல்வரிசையில் நிற்பவர். ஈழத்தவர் பலர் கடல் கடந்து சென்று இசை பயின்ற இடம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமே என்பதை நினைக்குங்கால், அவர் பணி நமக்கும் அயலானதன்று என்பது விளங்கும்.

அவருடைய கடைசிக் காலத்து மாணாக்கர் எம். டி. இராமநாதன். பாலக்காட்டுப் பகுதியினரான அவர், பௌதிகத்திற் பட்டம் பெற்றபின் 1944இல் கலாக்ஷேத்திரத்தை அடைந்தார். சங்கீத சிரோமணி வகுப்பின் முதல் தொகுதியில் இருந்த மாணவர் அவர் ஒருவரே. அவர் குரலோ மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது. பாடும் கதியோ மிக மெதுவானது. வேறோர் ஆசிரியர் சுருதியை உயர்த்துக, வேகத்தைக் கூட்டுக என்று வற்புறுத்தியிருக்கக்கூடும். வரதாச்சாரியாரின் பயிற்சியில் வளர்ந்த இராமநாதனோ, அக்கனத்த குரலையும் அம்மெதுநடையையும் தமக்கே உரிய தனிவழியாக ஆக்கிக்கொண்டார். 1974இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. தாம் இயற்றிய ஏறத்தாழ முந்நூறு உருப்படிகளிலும் வரததாசன் என்று முத்திரை வைத்து, ஆசிரியரின் பெயரையே அவர் நிலைநாட்டினார். குருதட்சிணைகளுள் இதனினும் உயர்ந்தது யாது?

வரதாச்சாரியார் 1950ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார். அவருக்குப் பின் கலாக்ஷேத்திரத்திற்கு வந்து இசைப்பணி ஆற்றியவர், அதே பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்ற மைசூர் வாசுதேவாச்சாரியார் என்பதும் குறிப்பிடத்தக்கது. இவ்வாறு அப்பரம்பரையின் தொடர் அறவில்லை.

எந்தக் கல்விக்கும் இவ்வாழ்க்கை ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஆசிரியர் தம்மைப் போன்றோரை உருவாக்குவது எளிது. மாணவரை அவரவராக மலரச் செய்வதே அரிது. அவ்வரிய செயலைச் செய்தவரை, குரல் இல்லையென்று வருந்தும் எந்தப் பிள்ளையும் நினைவில் வைத்தல் நன்று; அப்பிள்ளைக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் நினைவில் வைத்தல் அதனினும் நன்று.