ஆசிரியருக்கு அளித்த காணிக்கை

முருங்கைக்காயும் வாழைப்பூவும் தேங்காயும் வாங்கத் தில்லித் தமிழர் பலர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் செல்வர். அங்கு வாங்கும் தேங்காயின் மூன்று கண்களுள் ஒன்று மட்டும் மென்மையாக இருக்கும். அதன் அடியில்தான் சிறிய கரு அமைந்துள்ளது. நாம் பருகும் நீரும் உண்ணும் பருப்பும் அக்கருவின் வளர்ச்சிக்கென அமைந்த உணவாகும். இதற்குக் கருவூண் என்று பெயர். பூவினுள் கரு எவ்வாறு தோன்றி வளர்கிறது என ஆராயும் துறை தாவரக் கருவியல். அத்துறையில் இந்தியாவுக்குப் பெருமை சேர்த்தவர் பஞ்சானன் மகேசுவரி.

இவர் 1904ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் ஜெய்ப்பூரில் பிறந்தார். உயர்கல்வி பெற அலகாபாத் சென்றார். அங்கு ஈவிங் கிறித்தவக் கல்லூரியில் டட்ஜன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இவருக்குத் தாவரவியல் கற்பித்தார். மாணவன் தம்மையும் விஞ்சி வளர வேண்டும் என்பது அவ்வாசிரியரின் விருப்பம். அவருக்குத் தாம் செய்யத்தக்க கைம்மாறு யாது என மகேசுவரி வினவினார். தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணவர்களுக்குச் செய்தாலே போதும் என்றார் டட்ஜன்.

பூவின் சூலகத்தை ஆராய்வது எளிதன்று. அதனை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண வேண்டும். ஒரே சீவலில் கரு முழுவதும் தெரியாது. அடுத்தடுத்த சீவல்களை வரிசை மாறாமல் வரைந்து ஒப்பிட்டால்தான் அதன் வடிவம் புலப்படும். ஒரு சீவல் தவறினாலும் முடிவு பிழையாகலாம். இத்தகைய ஆய்வில் பொறுமையுடன் உழைத்த மகேசுவரி, 1931இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆக்ரா, அலகாபாத், லக்னோ, டாக்கா எனப் பல ஊர்களில் பணியாற்றியபின், 1949இல் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் தலைவரானார். பூக்கும் தாவரங்களின் கருவியல் பற்றிய இவரது நூல் 1950இல் வெளிவந்து, பிற நாட்டு மாணவர்க்கும் பயன்பட்டது.

சில மலர்களில் மகரந்தக் குழல் சூலை அடையாமலே நின்றுவிடும், விதை உண்டாகாது. இத்தடையைக் கடக்க வழியுண்டா? மகேசுவரியும் அவருடைய மாணவர்களும் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயில் இட்டு, அவற்றின்மீது மகரந்தத்தைத் தூவினர். குழாய்க்குள்ளேயே கருவுறுதல் நிகழ்ந்து விதைகள் உருவாயின. 1962இல் இவ்வாய்வு வெளியாயிற்று. 1964இல் அதே துறையைச் சேர்ந்த சிப்ரா குகாவும், மகேசுவரியின் மகன் சதீசு சந்திர மகேசுவரியும் ஊமத்தையின் மகரந்தத்திலிருந்தே கருக்கள் வளர்வதைக் கண்டறிந்தனர். புதிய பயிர் வகைகளை உருவாக்க இக்கண்டுபிடிப்பு வழிவகுத்தது.

பள்ளி மாணவர்க்கான உயிரியல் பாடநூல் உருவாக்கத்திலும் மகேசுவரி ஈடுபட்டார். 1965இல் இலண்டன் அரச கழகம் இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு மே 18ஆம் நாள் தில்லியில் காலமானார். அவரிடம் பயின்றோர் பின்னர்த் தாமும் ஆசிரியராகிப் பல மாணவர்களை உருவாக்கினர். டட்ஜன் கேட்ட காணிக்கை அவ்வாறு செலுத்தப்பட்டது.

அருஞ்சொற்பொருள்
கைம்மாறு – பதிலுதவி
விஞ்சி – மிகுந்து, மேற்பட்டு
புலப்படும் – தெரியவரும்

பயிற்சி
1. தேங்காயில் கரு எங்கே அமைந்துள்ளது?
2. சீவல்களை வரிசை மாறாமல் வரைவது ஏன் இன்றியமையாதது?
3. டட்ஜன் கேட்ட காணிக்கை யாது? மகேசுவரி அதனை எவ்வாறு செலுத்தினார்?
4. வீட்டில் தேங்காய் உடைக்கும்போது கருவைத் தேடிக் கண்டு, படம் வரைந்து பாகங்களைக் குறிக்க.