ஜெரார்டு ஓநீல்

ஜெரார்டு கிட்சன் ஓநீல் (பெப்ரவரி 6, 1927 - ஏப்ரல் 27, 1992) ஓர் அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். துகள் முடுக்கிகளில் பயன்படும் சேமிப்பு வளையம் என்னும் கருவியை உருவாக்கியவர்களுள் இவரும் ஒருவர். எனினும், பல்லாயிரம் மக்கள் நிலையாக வாழத்தக்க விண்வெளிக் குடியிருப்புகளுக்கு விரிவான பொறியியல் திட்டம் வகுத்தவர் என்ற வகையிலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஓநீல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். 1944ஆம் ஆண்டு, தமது 17ஆம் அகவையில், அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து ரேடார் நுட்பராகப் பயிற்சி பெற்றார். போருக்குப் பின்னர் சுவார்த்மோர் கல்லூரியில் பயின்று 1950இல் பட்டம் பெற்றார். 1954இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் பிரின்ஸ்டனில் ஆசிரியப் பணியில் அமர்ந்தார்.

சேமிப்பு வளையம்

வேகமாகச் செல்லும் துகள் அசையாத இலக்கின் மீது மோதும்போது, அதன் ஆற்றலின் பெரும்பகுதி மோதலுக்குப் பின் சிதறும் துகள்களை முன்னோக்கி நகர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. எதிரெதிர்த் திசையில் வரும் இரு கற்றைகள் நேருக்கு நேர் மோதினால், ஏறக்குறைய முழு ஆற்றலும் புதிய துகள்களை உருவாக்கப் பயன்படும். இதற்காகத் துகள்களை வளையங்களில் சேமித்துச் சுழலவிட்டு மோதச் செய்யலாம் என்று ஓநீல் 1956இல் முன்மொழிந்தார். பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகிய பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியில் இக்கருத்து 1960களில் செயல்வடிவம் பெற்றது. 2008இல் இயங்கத் தொடங்கிய பெரிய ஆட்ரான் மோதுவியும் இந்தக் கோட்பாட்டிலேயே அமைந்தது.

நாசா அறிவியலாளர்களை விண்வெளி வீரர்களாகத் தேர்ந்தெடுக்க முன்வந்தபோது ஓநீலும் விண்ணப்பித்தார். இறுதிக் கட்டம் வரை சென்றும் 1967இல் தேர்வு பெறவில்லை.

விண்வெளிக் குடியிருப்புத் திட்டம்

1969இல் ஓநீல் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து வந்தார். வியட்நாம் போர், சுற்றுச்சூழல் சீர்கேடு ஆகியவற்றால் தொழில்நுட்பத்தின் மீது இளைஞர்கள் ஐயம் கொண்டிருந்த காலம் அது. வளர்ந்துவரும் தொழில்நுட்ப நாகரிகத்துக்குக் கோள் ஒன்றின் மேற்பரப்புதான் ஏற்ற இடமா என்ற வினாவை அவர் மாணவர் குழுவிடம் முன்வைத்தார். கணக்கீடுகள் இல்லை என்ற விடையையே தந்தன. விண்வெளியில் சூரிய ஒளி இடையறாது கிடைக்கும். குடியிருப்பைச் சுழற்றினால் அதன் உட்சுவரில் நிற்பவர்கள் ஈர்ப்பு விசை போன்ற விசையை உணர்வர். மேலும், ஒரு கோளில் இறங்கினால் அங்கிருந்து மீண்டும் மேலேறப் பேராற்றல் தேவை. வெட்டவெளியில் அத்தடை இல்லை.

இது பற்றி அவர் எழுதிய கட்டுரையை இதழ்கள் பல ஆண்டுகள் ஏற்க மறுத்தன. இறுதியில் 1974 செப்டம்பரில் 'பிசிக்ஸ் டுடே' இதழில் அது வெளியானது.

அக்கட்டுரை நான்கு அளவிலான உருளைகளை விவரித்தது. முதலாவது 1 கி.மீ. நீளமும் 100 மீட்டர் ஆரமும் கொண்டு 10,000 பேருக்கு இடமளிப்பது. நான்காவது 32 கி.மீ. நீளமும் 3.2 கி.மீ. ஆரமும் உடையது, 114 வினாடிக்கு ஒரு முறை சுழல்வது. அதன் உட்பரப்பில் நிலப் பட்டைகளும் சூரிய ஒளி புகும் சாளரப் பட்டைகளும் மாறி மாறி அமையும். ஓர் உருளையின் நிலப்பகுதி மட்டும் ஏறத்தாழ 320 சதுர கி.மீ. வரும். முத்தியால்பேட்டை உள்ளிட்ட புதுச்சேரி மாவட்டம் முழுவதின் பரப்பு ஏறத்தாழ 290 சதுர கி.மீ. என்பதோடு இதனை ஒப்பிடலாம். இரண்டு உருளைகள் இணையாக அமைந்து எதிரெதிராகச் சுழல்வதால், அவற்றைச் சூரியனை நோக்கியே நிறுத்தி வைக்க இயலும்.

கட்டுமானப் பொருள்களைப் பூமியிலிருந்து ஏற்றிச் செல்வது மிகுந்த செலவு பிடிக்கும். எனவே, விடுபடு திசைவேகம் வினாடிக்கு 2.4 கி.மீ. மட்டுமே உள்ள நிலவிலிருந்து அவற்றைப் பெற அவர் திட்டமிட்டார். நிலவின் மண்ணை மின்காந்தச் சுருள்களால் முடுக்கி வெளியே எறியும் பொருள் எறிகருவியின் முதல் மாதிரியை, ஹென்றி கோல்ம் என்பாருடன் இணைந்து மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கினார். குடியிருப்புகளில் வாழ்வோர் சூரிய மின்னாற்றல் செயற்கைக்கோள்களைக் கட்டிப் பூமிக்கு ஆற்றல் அனுப்புவதன் மூலம் செலவை ஈடுசெய்யலாம் என்றும் கருதினார்.

ஆதரவும் எதிர்ப்பும்

1975இல் நாசாவின் ஏம்சு ஆய்வு மையத்தில் நடந்த கோடைகால ஆய்வு, 10,000 பேர் வாழத்தக்க சக்கர வடிவக் குடியிருப்பு ஒன்றை வடிவமைத்தது. அதே ஆண்டில் ஆர்வலர்கள் எல்-5 கழகத்தைத் தொடங்கினர். 1976இல் ஓநீலின் 'தி ஹை ஃப்ரான்டியர்' என்னும் நூல் வெளிவந்து பரவலான கவனத்தைப் பெற்றது.

ஆனால் 1977இல் செனட் உறுப்பினர் வில்லியம் பிராக்சுமயர் இத்திட்டத்துக்குப் பொதுப்பணம் செலவிடுவதைக் கடுமையாக எதிர்த்தார். அரசின் நிதியை மட்டும் நம்பியிராமல், அதே ஆண்டில் ஓநீல் தனியார் நன்கொடைகளால் இயங்கும் விண்வெளி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

முதல் குடியிருப்பு 1988ஆம் ஆண்டளவில் இயலும் என்று 1974ஆம் ஆண்டுக் கட்டுரை மதிப்பிட்டிருந்தது. அது நிறைவேறவில்லை. விண்ணோடம் பயணச் செலவைப் பெரிதும் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது இதற்கு முதன்மையான காரணம். கதிர்வீச்சைத் தடுக்கத் தேவைப்படும் பெருநிறையும், மூடிய சூழலில் காற்றையும் உணவையும் நிலைநிறுத்துவதும் பிற தடைகள். 1991 முதல் 1993 வரை அரிசோனாவில் எட்டுப் பேர் மூடிய கட்டடத்துள் வாழ்ந்த 'பயோஸ்பியர் 2' சோதனையில், ஆக்சிசன் 14.5 விழுக்காடு அளவுக்குக் குறைந்து, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று.

இறுதிக்காலம்

1983இல் செயற்கைக்கோள் வழியாக இடமறியும் சேவைக்காக ஜியோஸ்டார் நிறுவனத்தை ஓநீல் தொடங்கினார். 1985இல் குருதிப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டு குடியரசுத் தலைவர் ரேகன் இவரைத் தேசிய விண்வெளி ஆணையத்தின் உறுப்பினராக நியமித்தார். 1991இல் ஜியோஸ்டார் நொடிந்தது. ஏழாண்டுகள் நோயுடன் போராடிய ஓநீல், கலிபோர்னியாவின் ரெட்வுட் நகரில் காலமானார். விண்வெளி வீரராக இயலாத அவரது சாம்பலின் ஒரு பகுதி, 1997 ஏப்ரல் 21 அன்று பெகாசசு ஏவூர்தி மூலம் புவியின் சுற்றுப்பாதைக்கு அனுப்பப்பட்டது.

தாக்கம்

ஓநீலின் காலத்தில் நிலவு முற்றிலும் வறண்டது என்றே கருதப்பட்டது. ஆகவே நீருக்குத் தேவையான ஐதரசனைப் பூமியிலிருந்து கொண்டுசெல்லுமாறு அவரது திட்டம் அமைந்தது. 2008இல் இந்தியா ஏவிய சந்திரயான்-1 திரட்டிய தரவுகள் நிலவின் மண்ணில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டின. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்முனையை அண்டிய பகுதியில் தரையிறங்கியது. பிரின்ஸ்டனில் பயின்ற தொழிலதிபர் ஜெஃப் பெசோஸ், 2019இல் தமது விண்வெளித் திட்டங்களை விளக்கியபோது ஓநீலின் உருளைகளையே தொலைநோக்கு இலக்காகக் காட்டினார். எனினும் ஓநீல் கருதிய அளவிலான குடியிருப்பு எதுவும் இதுவரை கட்டப்படவில்லை.